அப்டேட் அனுப்பியபின் டிவைஸ் படுத்துக்கொண்டால்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

கிளை அலுவலகம், கிடங்கு, கடை என்று பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளை ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மின்மீட்டர்களைப் படிக்கும் கேட்வே, கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் கார்டு ரீடர், பில் கவுண்டரின் கியாஸ்க், லேபிள் பிரிண்டரை ஓட்டும் கண்ட்ரோலர், இவை எல்லாமே இதில் அடங்கும். பெரும்பாலும் லினக்ஸ், சிலவற்றில் விண்டோஸ் ஐஓடி (இத்தகைய பெட்டிகளுக்கான விண்டோஸ்). லினக்ஸ் உதாரணங்களுக்கு யூ-பூட் பூட்லோடரும் (பவர் போட்டதும் முதலில் ஓடி லினக்ஸை எழுப்பும் நிரல்) ரவுக் அப்டேட்டரும் (புதிய பதிப்பை நிறுவும் நிரல்) இருக்கும் பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் மெண்டர், எஸ்டபிள்யூ-அப்டேட் போன்ற வேறு அப்டேட்டர் இருந்தாலும் தர்க்கம் மாறாது, கட்டளைகள்தான் மாறும்.

போன் வந்ததும் கை தானாக அந்த ஒரு டிவைஸின் லாக்கைத் தேடிப் போகும். போக வேண்டாம். முதலில் கேட்க வேண்டியது, இதே கோளாறு வேறு யாருக்கெல்லாம் வந்திருக்கிறது என்பதுதான். வந்தவர்களுக்குள் பொதுவாக இருப்பது என்ன? ஒரே கிளையா, ஒரே போர்டு ரிவிஷனா, ஒரே இமேஜா (டிவைஸில் ஏற்றும் முழு மென்பொருள் தொகுப்பு), ஒரே நாளில் பவர் போட்டவையா? ஒரே கிளை என்றால் நெட்வொர்க்கையோ மின்சாரத்தையோ பாருங்கள். ஒரே போர்டு ரிவிஷன் என்றால் பில்டைப் பாருங்கள். ஒரே நாளில் ஆன் ஆனவை என்றால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். எந்தப் பொதுவான கூறும் இல்லாமல் ஒன்றே ஒன்று மட்டும் கெட்டிருந்தால், அப்போது லாக்கைத் திறக்கலாம். அதுவும் பல சமயம் மாற்றுப் பெட்டி அனுப்புவதோடு முடிகிற வேலை.

இப்படிப் பிரித்துப் பார்க்கப் பட்டியல் ஒன்று வேண்டும். சீரியல் எண், போர்டு ரிவிஷன், இமேஜ் பதிப்பு, பூட்லோடர் பதிப்பு, செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட், கடைசியாக பூட் ஆன நேரம். பூட்லோடர் பதிப்பை யாரும் எழுதி வைப்பதில்லை. தேவைப்படும் நாளில்தான் அது இல்லை என்று தெரியும்.

இன்னொன்று. காரணம் தெரியும்வரை அப்டேட் அனுப்புவதை நிறுத்தி வையுங்கள். “ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று கிளைக்குச் சொல்வதையும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். ஃபிளாஷைக் காப்பாற்ற லாக்கை ரேமில் மட்டும் வைத்திருப்போம். பவரை எடுத்தால் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

“டாஷ்போர்டில சிவப்பா இருக்கு, ஆனா மெஷின் ஓடுது சார்”

டிவைஸ் உயிரோடு இருக்கிறது, சர்வரிடம் பேச முடியவில்லை. நிறம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். சிவப்பாகவே நிற்கிறதா, சிவப்பும் பச்சையும் மாறி மாறி வருகிறதா?

மாறி மாறி வந்தால் இரட்டைப் பிறவிச் சிக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். டிவைஸ்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் எம்க்யூடிடி நெறிமுறையில் ஒரே கிளையண்ட் அடையாளத்தோடு இரண்டாவது டிவைஸ் வந்தால், புரோக்கர் (செய்திகளை வாங்கி விநியோகிக்கும் சர்வர்) முதலாவதன் இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். நெறிமுறையே அப்படித்தான் சொல்கிறது. துண்டிக்கப்பட்டது மறுபடி இணையும், மற்றது வெளியே விழும். இரண்டும் நாள் முழுக்க ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். புரோக்கர் லாக்கில் ஒரே அடையாளம் இரண்டு ஐபி முகவரிகளிலிருந்து சில நொடி இடைவெளியில் வருவது கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம்.

இது எங்கிருந்து வருகிறது? யாரோ ஒருவர் ஓடிக்கொண்டிருந்த நல்ல டிவைஸிலிருந்து எஸ்டி கார்டைக் கழற்றி, அப்படியே நகல் எடுத்து இருபது கார்டு அடித்திருப்பார். அதோடு மெஷின்-ஐடி (லினக்ஸ் ஒவ்வொரு பெட்டிக்கும் வைக்கும் தனி அடையாளம்), எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவி, கிளையண்ட் சான்றிதழ் எல்லாம் நகலாகிவிடும். லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி, ஐபி முகவரி கேட்கும்போது காட்டும் தன் டிஹெச்சிபி அடையாளத்தை மெஷின்-ஐடியிலிருந்துதான் உருவாக்குகிறது. எனவே எம்ஏசி முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாளம்) வேறாக இருந்தும் இரண்டு பெட்டிகளும் ஒரே ஐபியைக் கேட்டு நிற்கும். நெட்வொர்க் குழு டிஹெச்சிபி சர்வரைத் திட்டிக்கொண்டிருக்கும். இமேஜ் தயாரிக்கும்போது மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக விடுங்கள், முதல் பூட்டில் புதிதாக உருவாகும். கோப்பை அழித்துவிடக் கூடாது, காலியாக விட வேண்டும்: ரூட் பகுதி எழுத முடியாததாக இருந்தால், கோப்பே இல்லாதபோது அதை உருவாக்க இடம் இருக்காது. ஹோஸ்ட் சாவிகளை அழித்துவிடுங்கள். சான்றிதழை டிவைஸ் தானே கேட்டு வாங்கும்படி செய்யுங்கள்.

சிவப்பாகவே நின்றால் வரிசை வேறு. டிஎன்எஸ் பதில் வருகிறதா, சர்வரின் போர்ட் திறக்கிறதா, டிஎல்எஸ் கைகுலுக்கல் (பாதுகாப்பான இணைப்பின் தொடக்கப் பேச்சு) முடிகிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். கைகுலுக்கலில் நின்றால் கிளையில் புதிதாக வந்த ப்ராக்ஸியைச் சந்தேகிக்கலாம். எல்லா ஹெச்டிடிபிஎஸ் போக்குவரத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு, தன் சான்றிதழைக் கொடுத்து அனுப்பும் ப்ராக்ஸிகள் உண்டு. அலுவலக லேப்டாப்களில் அந்த ப்ராக்ஸியின் ரூட் சான்றிதழை ஐடி குழு ஏற்கனவே ஏற்றியிருக்கும், அதனால் அங்கே எதுவும் தெரியாது. நம் பெட்டியில் அதை ஏற்ற யாருக்கும் தோன்றியிருக்காது. ஏற்றவும் வேண்டாம், அப்டேட் சர்வரின் பெயரை ப்ராக்ஸியின் விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

4ஜி சிம்மில் ஓடும் டிவைஸ் சும்மா இருக்கும்போது மட்டும் காணாமல் போகிறதென்றால், நடுவில் இருக்கும் நாட் (பல டிவைஸ்களை ஒரே பொது ஐபியில் வெளியே அனுப்பும் முகவரி மாற்றி) அந்த இணைப்பை மறந்துவிடுகிறது. கீப்-அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் சிறு செய்தி) இடைவெளியைக் குறையுங்கள். இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு பெரும்பாலும் பொது ஐபி கிடையாது, சர்வரிலிருந்து தேடிப் போய்த் தொட முடியாது. டிவைஸ் தானாக வந்து கேட்கும் முறையே சரிப்படும்.

“டவுன்லோடு 30 சதவீதத்துல நிக்குது”

எப்போதும் அதே சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அதே இடம் என்றால் டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது ப்ராக்ஸியில் கோப்பு அளவுக்கு வரம்பு இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு இடம் என்றால் லைன்.

முதல் பைட்டே வரவில்லை, ஆனால் பிங் போகிறது என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். சாதாரண ஈத்தர்நெட்டில் 1500 பைட். பிபிபிஓஇ (பல பிராட்பேண்ட் லைன்களின் இணைப்பு முறை) வந்தால் 1492. மேலே ஐபிசெக் சுரங்கம் (விபிஎன்) ஏறினால் இன்னும் குறையும். பெரிய பாக்கெட் போகாதபோது “சின்னதாக அனுப்பு” என்று சொல்ல வேண்டிய ஐசிஎம்பி செய்தியை யாரோ பாதுகாப்பு என்று நினைத்து ஃபயர்வாலில் அடைத்திருப்பார்கள். சின்ன பாக்கெட் எல்லாம் போகும், சர்வரின் சான்றிதழ் வரும் பெரிய பாக்கெட் வழியில் தொலையும். கிளையில் இருக்கும் ஒரு லேப்டாப்பிலிருந்து, துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்பைச் சேர்த்தால் சரியாக 1500. அது போகாமல் 1372 போனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்த ஐசிஎம்பியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ரௌட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) மதிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

லைன் பழியா நம் பழியா என்று முடிவு செய்யும் முன் ஒரு பெருக்கல் போட்டுவிடுங்கள். 200 எம்பி கோப்பு, கிளையில் 40 டிவைஸ் என்றால் 8 ஜிபி. 10 எம்பிபிஎஸ் லைனை வேறு யாருமே தொடாவிட்டாலும் அது 1 மணி 47 நிமிடம் பிடிக்கும். பகலில் அதே லைனில்தான் பில்லிங்கும் ஓடுகிறது. எல்லா டிவைஸும் நள்ளிரவு 12 மணிக்குச் சரியாக எழுந்து கேட்கும்படி கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) எழுதி வைத்திருந்தால் சர்வரும் சேர்ந்து மூச்சுத் திணறும். கேட்கும் நேரத்தை ஒவ்வொரு டிவைஸிலும் சீரற்று நகர்த்துங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி டவுன்லோடரில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கிளையில் ஒரு கேஷ் பெட்டி (அப்டேட் கோப்பை உள்ளூரிலேயே வைத்திருந்து கொடுக்கும் கணினி) வைப்பது, மாறிய துண்டுகளை மட்டும் இறக்குவதைவிட எளிதாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

“கையொப்பம் செல்லாதுன்னு சொல்லுது, நேத்துவரைக்கும் சரியா இருந்துச்சு”

கோப்பு கெட்டுவிட்டது, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பாதுகாப்புக் குழுவுக்கு மெயில் அடிக்கும் முன் டிவைஸின் தேதியைப் பாருங்கள். இந்த வகைப் புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கடிகாரம்தான்.

விலையைக் குறைக்க ஆர்டிசி பேட்டரி (பவர் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது) வைக்காத போர்டுகள் நிறைய. வைத்தவற்றிலும் சில வருடத்தில் அந்த நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். பவர் போய் வந்ததும் தேதி 1970 ஜனவரி 1, அல்லது இமேஜ் உருவான நாள். சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை, எனவே செல்லாது. நேரத்தை என்டிபி (நெட்வொர்க்கில் சரியான நேரம் கேட்கும் முறை) வழியாக வாங்கலாமே என்றால் யூடிபி 123 போர்ட் கிளை ஃபயர்வாலில் அடைபட்டிருக்கும். நேரம் சரியில்லாததால் டிஎல்எஸ் இல்லை, டிஎல்எஸ் இல்லாததால் சர்வரிடம் எதுவும் கேட்க முடியாது. ஒரு கிளையில் மின்வெட்டுக்குப் பிறகு எல்லாப் பெட்டியும் ஒன்றாகக் கையொப்பப் பிழை காட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

உடனடி வைத்தியம்: கிளை ரௌட்டரையே என்டிபி சர்வராக்கி அதன் முகவரியை டிஹெச்சிபியில் கொடுத்துவிடுங்கள், டிவைஸில் ஓடும் என்டிபி நிரல் அந்த விவரத்தை எடுத்துக்கொள்கிறதா என்றும் சோதியுங்கள். நிரந்தர வைத்தியம்: கடைசியாகத் தெரிந்த நேரத்தை டிஸ்க்கில் எழுதி வைத்து, பூட் ஆகும்போது அதற்கு முன்னால் போக விடாமல் பார்த்துக்கொள்வது. சிஸ்டம்டியின் டைம்சின்க்டி இதைத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கோப்பு இருக்கும் அடைவு ரேமில் இருந்தால் பயனில்லை. ரூட் பகுதியை எழுத முடியாததாக்கி, மேலே ரேம் அடுக்கு போட்ட இமேஜ்களில் இது அடிக்கடி நடக்கும். கோப்பை நிலையான பகுதிக்கு நகர்த்துங்கள். ரவுக்கில், தற்போதைய நேரத்துக்குப் பதிலாகக் கையொப்பமிட்ட நேரத்தை வைத்துச் சான்றிதழைச் சரிபார்க்கும் அமைப்பும் உண்டு. கடிகாரம் நம்பகமில்லாத போர்டுகளுக்கு அதைப் போடலாம்.

தேதி சரியாக இருந்தும் பிழை வந்தால் சான்றிதழ் சங்கிலியைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று, இலவசமாக வழங்கப்படும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய ரூட், டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3, காலாவதியானது. சர்வரின் சான்றிதழ் செல்லுபடியாகத்தான் இருந்தது. ஆனாலும் டிஎல்எஸ் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த பழைய பெட்டிகள், புதிய ரூட் கையில் இருந்தபோதும், காலாவதியான பாதையிலேயே போய் முட்டிக்கொண்டு இணைப்பை மறுத்தன. லேப்டாப் பிரவுசரில் அதே முகவரி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறக்கும். டிவைஸ் மட்டும் மறுக்கும். அப்டேட் சர்வருக்கு உங்கள் சொந்த சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) வைத்திருந்தால் அதன் ரூட் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே பாருங்கள். பத்து வருடத்துக்குப் போட்டவர் வேறு வேலைக்குப் போய்விட்டிருப்பார்.

“அப்டேட் சக்சஸ்னு வந்துச்சு, ஆனா பழைய வெர்ஷனே ஓடுது”

இங்கேதான் அதிக நேரம் போகும், எனவே மெதுவாகப் பார்ப்போம்.

டிவைஸின் ஃபிளாஷில் ஏ, பி என்று இரண்டு பகுதிகள். ஏ ஓடும்போது பி-யில் புதியதை எழுதி, அடுத்த பூட்டுக்கு பி என்று குறித்துவிட்டு ரீபூட். பி எழுந்து, எல்லாம் நலம் என்று தானே உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பூட்லோடர் வைத்திருக்கும் முயற்சி எண்ணிக்கை ஒவ்வொரு பூட்டிலும் ஒன்று குறையும். ரவுக்-யூ-பூட் வழக்கத்தில் அது 3. பூஜ்யமானதும் பூட்லோடர் ஏ-வுக்குத் திரும்பிவிடும். “சக்சஸ்” என்று டாஷ்போர்டில் வந்தது, பி-யில் எழுதி முடிந்ததைத்தான் சொல்கிறது. பி எழுந்து நின்றதற்கு அது சான்று இல்லை. மெண்டரிலும் ரீபூட்டுக்குப் பிறகு கமிட் என்றொரு படி உண்டு, அது நடக்காவிட்டால் இதே கதை.

ஆக, கேள்வி இது: பி எழவே இல்லையா, எழுந்தும் உறுதி சொல்லவில்லையா?

கையில் ஒரு டிவைஸை வைத்துக்கொண்டு யூ-பூட் மாறிகளை லினக்ஸிலிருந்து படியுங்கள். பி-யின் மீதமுள்ள முயற்சி 0 என்றால் மூன்று முறையும் முயன்று தோற்றிருக்கிறது. 3 என்றே நின்றால் பூட்லோடர் அந்தப் பக்கம் போகவே இல்லை. பூட் வரிசை மாறவில்லை. படிக்கும்போதே “சிஆர்சி தவறு, இயல்புநிலை மாறிகளைப் பயன்படுத்துகிறேன்” என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். லினக்ஸ் பக்கம் இருக்கும் அமைவுக் கோப்பு, யூ-பூட் தன் மாறிகளை வைத்திருக்கும் இடத்துக்குப் பதிலாக வேறு இடத்தைக் காட்டுகிறது. லினக்ஸ் ஓரிடத்தில் எழுதுகிறது, பூட்லோடர் வேறோரிடத்தில் படிக்கிறது. புதிய இமேஜில் மட்டும் இந்தக் கோப்பு தவறாக இருந்தால் விளையாட்டு இன்னும் அழகாக இருக்கும்: பழைய இமேஜ் சரியாக எழுதி பி-யை எழுப்பும், பி நன்றாகவே ஓடும், “நலம்” என்று தவறான இடத்தில் எழுதும். கிளையில் எவரும் எதையும் உணர மாட்டார்கள். மூன்றாவது மின்வெட்டு முடிந்து வரும்போது டிவைஸ் சத்தமில்லாமல் பழைய பதிப்பில் நிற்கும். அப்டேட் போய் இரண்டு வாரம் கழித்துப் பதிப்பு பின்னோக்கிப் போகிறதென்றால் இதுதான்.

உறுதி சொல்லும் நிரல் எதைப் பார்த்து “நலம்” என்கிறது என்பதும் முக்கியம். “இணையம் கிடைத்தால் நலம்” என்று எழுதியிருந்தால், கிளையில் லைன் அறுந்த இரவில் நல்ல இமேஜும் பின்வாங்கும். எதையும் பார்க்காமல் பூட் முடிந்ததும் “நலம்” என்று எழுதினால், நெட்வொர்க் டிரைவர் இல்லாத இமேஜும் நிலைத்துவிடும், பிறகு ஆள்தான் போக வேண்டும். நான் பரிந்துரைப்பது நடுவழி: முக்கிய நிரல் ஓடுகிறது, நெட்வொர்க் கார்டு லிங்க் காட்டுகிறது, உள்ளூர் ரௌட்டர் பதில் சொல்கிறது. இந்த மூன்றும் போதும். சர்வர் வரை எட்ட வேண்டுமென்று கட்டாயப்படுத்த வேண்டாம். உங்கள் சர்வர் பராமரிப்பில் இருக்கும் நேரத்தில் மொத்தப் படையும் பின்வாங்கிவிடும்.

விண்டோஸ் ஐஓடி கியாஸ்க்குகளில் இதே அறிகுறிக்குக் காரணம் முற்றிலும் வேறு. யூனிஃபைட் ரைட் ஃபில்டர் ஆன் செய்திருப்பார்கள். சி டிரைவில் எழுதுவதெல்லாம் தற்காலிக அடுக்கில் விழும், ரீபூட்டில் மறையும். அப்டேட் ஏறும், ரீபூட் கேட்கும், ரீபூட்டில் காணாமல் போகும், மறுபடி ஏறும். விண்டோஸ் அப்டேட்டுக்கு ஃபில்டரின் சர்வீசிங் முறையைப் பயன்படுத்துங்கள். உங்கள் சொந்த மென்பொருளுக்கு ஃபில்டரை அணைத்து, ரீபூட் செய்து, நிறுவி, மறுபடி போடுங்கள். அந்த அடுக்கின் அளவு இயல்பாக 1024 எம்பிதான் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய டவுன்லோடு அதை நிரப்பிவிட்டால் கியாஸ்க் உறைந்து நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை டொமைன் உறவு அறுந்து லாகின் மறுக்கும் கியாஸ்க்குகளும் இதே குடும்பம்தான்: கம்ப்யூட்டர் கணக்கின் கடவுச்சொல் 30 நாளுக்கு ஒருமுறை மாறும், மாறியதை ஃபில்டர் மறக்கடித்துவிடும். அதற்கென்றே ஃபில்டரில் விலக்கு இருக்கிறது.

“அப்டேட்டுக்கு அப்புறம் லைட்டே எரியல”

ஒன்றிரண்டு என்றால் எழுதும்போது பவர் போயிருக்கலாம். ஏ-பி இருந்தும் இறந்துவிட்டதா? பூட்லோடரையும் சேர்த்து அப்டேட் செய்தீர்களா என்று கேளுங்கள். பல போர்டுகளில் பூட்லோடருக்கு ஒரே ஒரு இடம்தான், அங்கே இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் தூரத்திலிருந்து பூட்லோடரைத் தொடாதீர்கள்.

ஒரு மாடல் முழுவதும் விழுந்தால் தவறான இமேஜ் தவறான போர்டுக்குப் போயிருக்கிறது. 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க ஸ்மார்ட் பூட்டு நிறுவனம், 7ஐ மாடலுக்கான ஃபர்ம்வேரை 6ஐ மாடலுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் சர்வரோடு பேசும் திறனையே இழந்தன. பேச முடியாத பூட்டுக்குத் தூரத்திலிருந்து திருத்தம் அனுப்ப வழியில்லை. கழற்றி அனுப்பி வைக்கவோ மாற்றிக்கொள்ளவோ வேண்டியிருந்தது. ரவுக்கில் கம்பாட்டிபிள் என்ற ஒரு வரி இருக்கிறது. டிவைஸிலும் அப்டேட் கோப்பிலும் அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் நிறுவ மறுக்கும். அதில் நிறுவனப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல் மாடலையும், பின்னோக்கி ஒத்துப்போகாத போர்டு ரிவிஷனையும் எழுதுங்கள்.

ஒரே ஸ்விட்சில் இருந்தவை மட்டும் விழுந்தால் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் முறை) கணக்கைப் பாருங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் போர்ட்டுக்கு 15.4 வாட், டிவைஸுக்குக் கிடைப்பது 12.95 வாட். 24 போர்ட்டுக்கு முழுதாகக் கொடுக்க 370 வாட் வேண்டும். மலிவான ஸ்விட்ச்களில் அதில் பாதிதான் இருக்கும். வழக்கமான நாளில் ஓடிவிடும். எல்லா டிவைஸும் ஒரே நேரத்தில் ரீபூட் ஆகி ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எழும்போது, கடைசி சில போர்ட்டுகளுக்கு மின்சாரம் மறுக்கப்படும். ஸ்விட்ச் லாக்கில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும், ஆனால் அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

எதுவும் பொருந்தாவிட்டால் ஒன்றைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து சீரியல் கன்சோல் மாட்டுங்கள். மூன்று வயர்: தரை, அனுப்பு, பெறு. பெரும்பாலான போர்டுகளில் வேகம் 115200. வோல்டேஜ் 3.3, சிலவற்றில் 1.8. யூஎஸ்பி அடாப்டரில் இருக்கும் 5 வோல்ட் ஜம்பரை மாற்றாமல் மாட்டினால், ஃபர்ம்வேர் கோளாறு ஹார்ட்வேர் கோளாறாகப் பதவி உயர்வு பெறும். யூ-பூட் வரிகள் ஓடி, கெர்னல் தொடங்கி, ரூட் பகுதியை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று நின்றால் இமேஜ். யூ-பூட்டின் முதல் வரியே வராவிட்டால் பூட்லோடர் அல்லது மின்சாரம்.

மாடல், ஸ்விட்ச், கிளை என்று எதுவும் பார்க்காமல் எல்லாமே விழுந்தால், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு உள்ளடக்கக் கோப்பு சர்வரில் 78 நிமிடமே இருந்தது. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. அவற்றில் விமான நிலையத் திரைகளும் கியாஸ்க்குகளும் உண்டு. சென்சார் (கணினியில் ஓடும் அதன் நிரல்) பதிப்பை ஒரு படி பின்தங்கி வைத்திருந்த எச்சரிக்கையான நிறுவனங்களும் தப்பவில்லை, ஏனென்றால் அந்தக் கட்டுப்பாடு உள்ளடக்கக் கோப்புகளுக்குப் பொருந்தவில்லை. உங்களிடமும் அப்படி ஒரு பின்வாசல் இருக்கும்: ஃபர்ம்வேரைப் படிப்படியாக அனுப்புவீர்கள், ஆனால் கான்ஃபிகரேஷன் கோப்பை ஒரே கிளிக்கில் அனைவருக்கும். அதையும் அதே படிகளில் விடுங்கள். முதல் படியில் உங்கள் அலுவலகத்து டிவைஸ்களை மட்டும் வைத்தால் போதாது; மிகப் பழைய போர்டு, மிக மோசமான லைன் இரண்டுக்கும் ஓர் ஆள் அதில் இருக்க வேண்டும்.

“நாளாக நாளாக மெதுவாகுது, இப்ப சேவ்வே ஆகல”

ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் ஃபிளாஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இஎம்எம்சி (போர்டிலேயே பொருத்திய ஃபிளாஷ் சிப்) 5.0 முதல் சிப்பே தன் ஆயுளைச் சொல்லும்: 1 என்றால் பத்து சதவீதத்துக்குள் செலவாகியிருக்கிறது, 10 என்றால் தொண்ணூறைத் தாண்டிவிட்டது, 11 என்றால் கணக்கிட்ட ஆயுள் முடிந்துவிட்டது. இந்த எண்ணை மாதம் ஒருமுறை டாஷ்போர்டுக்கு அனுப்புங்கள். கெடும் முன் மாற்றுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

தேய்ப்பது யார் என்றால் வழக்கமாக லாக்தான். டெஸ்லா 2021 தொடக்கத்தில் சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. நடுத்திரைக் கம்ப்யூட்டரின் 8 ஜிபி இஎம்எம்சி எழுதி எழுதித் தேய்ந்து போனதே காரணம். கார் நிறுவனத்துக்கு நேர்ந்தது நம் கேட்வேக்கும் நேரும். டீபக் லாக்கை ஆன் செய்துவிட்டு அணைக்க மறந்த இமேஜ் ஒன்று போதும்.

“எல்லாம் ஒரே நாள்ல நின்னுடுச்சு, யாரும் எதையும் தொடல”

கடைசியாக எப்போது பூட் ஆனது என்று பாருங்கள். 49.7 நாள் என்றால் 32 பிட் எண்ணில் மில்லிவிநாடி எண்ணியிருக்கிறார்கள், அது நிரம்பிச் சுற்றிவிட்டது. 24.8 நாள் என்றால் அதே எண்ணைக் குறியுடன் வைத்திருக்கிறார்கள். 248 நாள் என்றால் விநாடிக்கு நூறு வீதம் எண்ணும் குறியுள்ள எண். 2015 இல் போயிங் 787-இன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் கண்டுபிடித்தது இந்த 248 நாள் சிக்கலைத்தான். 497 நாள் என்றால் அதே எண் குறியில்லாமல். சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ 2019 நவம்பரில் சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று அறிவித்தது. அது குறியுள்ள 16 பிட் எண்ணின் வரம்பு. ஒன்றாக வாங்கி ஒன்றாக ஆன் செய்தவை ஒன்றாகவே போகும்.

49.7 நாள் சிக்கலென்றால் நாற்பதாவது நாளில் ரீபூட் செய்யக் கிரான் போடுவது எளிது, நேரம் வாங்கித் தரும். அதைப் போடும்போது எல்லாவற்றையும் ஒரே இரவில் ரீபூட் செய்யாதீர்கள், பிஓஇ பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பிழையைப் பிடிக்க 49 நாள் காத்திருக்கவும் வேண்டாம். லினக்ஸ் கெர்னல் தன் ஜிஃபீஸ் எண்ணியை (கெர்னல் நேரம் எண்ணும் எண்) வேண்டுமென்றே பூட் ஆன ஐந்தாவது நிமிடத்தில் சுற்றும்படி தொடங்குகிறது, இத்தகைய பிழைகள் மேசையிலேயே மாட்டிக்கொள்ளட்டும் என்பதற்காக. உங்கள் நிரலின் எண்ணியையும் அப்படித் தொடக்கி விட்டு, ஒரு தேநீர் நேரம் ஓட விடுங்கள்.

“பிரிண்டர் தானா கிறுக்குது”

அப்டேட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் அப்டேட் போன வாரத்தில் நடந்தால் உங்களிடம்தான் வரும். பாதுகாப்புக் குழுவின் ஸ்கேனர் எல்லா ஐபியிலும் எல்லா போர்ட்டையும் தட்டிக்கொண்டு போகிறது. 9100 போர்ட்டில் வருவதெல்லாம் அச்சிட வந்தது என்றே பிரிண்டர் நினைக்கும். எனவே ஒரு தாளுக்கு ஒரு வரி வீதம் குப்பையைத் துப்பும். பழைய கண்ட்ரோலர்கள் சில இதே தட்டலில் உறைந்தும் போகும். தாளில் இருக்கும் நேரத்தையோ பிரிண்டர் லாக்கில் இருக்கும் நேரத்தையோ ஸ்கேன் அட்டவணையோடு ஒப்பிட்டால் முடிந்தது. அந்த முகவரிகளைத் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்) போட்டு, 9100-ஐ பிரிண்ட் சர்வருக்கு மட்டும் திறந்து விடுங்கள். ஸ்கேனரிலிருந்து அவற்றை மொத்தமாக விலக்கச் சொல்லாதீர்கள். மென்மையான ஸ்கேன் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.